நாற்பத்தெட்டாம் பிரிவும் எங்கள் மரண சகாயச் சங்கமும்

ஜெர்மானியர்களின் முதல் குடியரசுச் சட்டத்தைப் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. மலாக்கா நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் புகுமுக வகுப்புக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அதே கேள்வி: வைமார் அரசியல் சட்டத்தின் பலம் என்ன, பலவீனம் என்ன? ஒவ்வோர் ஆண்டும் அதே பதில். தாளின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பலம்: ஆண் பெண் எல்லாருக்கும் ஓட்டு, பேச்சுரிமை, மத உரிமை, வாங்கிய ஓட்டுக்குத் தக்கபடி நாடாளுமன்றத்தில் இடம். வலப்பக்கம் பலவீனம்: கட்சிகள் பெருகின, ஆட்சிகள் கவிழ்ந்தன, நாற்பத்தெட்டாம் பிரிவு. அந்த நாற்பத்தெட்டுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு வேறு. கோடு போட்டுவிட்டால் சர்வாதிகாரி வந்ததற்குக் காரணம் சொல்லியாகிவிட்டதாம்.

நாற்பத்தெட்டாம் பிரிவு இவ்வளவுதான். நாட்டின் அமைதிக்குப் பெரிய ஆபத்து வந்தால், ஜனாதிபதி நாடாளுமன்றத்துக்குக் காத்திராமல் ஆணை பிறப்பிக்கலாம். மக்களின் சில உரிமைகளை நிறுத்தியும் வைக்கலாம். ஆனால் உடனே நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நாடாளுமன்றம் வேண்டாமென்றால் ஆணை செல்லாது. படித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும்.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், இந்த ஆர்ட்டிக்கல் இவ்ளோ டேஞ்சர்னா, எழுதுனவங்கல்லாம் முட்டாளா?"

"முட்டாள் இல்லம்மா. பெரிய பெரிய சட்ட மேதைங்க."

"அப்புறம் ஏன் மிஸ் எழுதுனாங்க?"

பாடநூலில் இருந்த பதிலைச் சொல்லி அனுப்பினேன். போர் முடிந்த நேரம், தெருவில் துப்பாக்கிச் சண்டை, பயம். அவளுக்கு அது போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை. உண்மையான பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் சிம்பாங் அம்பாட்டில் உள்ள எங்கள் மரண சகாயச் சங்கத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அதை வகுப்பில் சொல்ல முடியுமா?

சிம்பாங் அம்பாட் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இருந்தது. தோட்டத்தை விற்று மரங்களைத் தள்ளியபோது, எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் பக்கத்திலேயே ஒரு தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், மலிவு வீடுகளுக்குக் குடிவந்தார்கள். நான் கல்யாணமாகித் தங்கா பத்துவுக்குப் போய்விட்டேன். அம்மா அந்தத் தாமானில்தான் இருக்கிறார். தோட்டத்திலிருந்து எங்களோடு வந்தது மரண சகாயச் சங்கம் ஒன்றுதான். சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பிண வண்டி, ஓர் ஐஸ் பெட்டி, பந்தல் சாமான், நாற்காலிகள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் எல்லாம் வந்துவிடும். சாதி மதம் பார்ப்பதில்லை. வேதக்காரர்களான கிறிஸ்தவர்களுக்கும் அதே வண்டிதான். தங்கா பத்துவில் இருந்தாலும் நானும் சந்தா கட்டும் உறுப்பினர்தான்.

இத்தனை காலம் சங்கத்துக்கு எழுதிய சட்டம் என்று ஒன்று இல்லை. பதிவு செய்தாக வேண்டும், அதற்குச் சட்டவிதி வேண்டும் என்ற நிலை வந்தபோது தலைவர் எனக்குப் போன் செய்தார். தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டி, லோரி ஓட்டி, பிறகு சொந்தமாகவே லோரிகள் வைத்து, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருப்பவர். தொண்டை பெரிது, கை பெரிது, வேலை என்றால் முதல் ஆள்.

"டீச்சர், நீங்க என்னமோ வெள்ளக்கார நாட்டுச் சட்டமெல்லாம் படிச்சுக் கொடுக்கிறீங்களாமே. நம்ம சங்கத்துக்கு ஒன்னு எழுதிக் குடுங்க லா."

"அண்ணே, நான் ஹிஸ்ட்ரி டீச்சர். வக்கீல் இல்ல."

"வக்கீலுக்குக் காசு குடுக்கணும். நீங்க நம்ம தோட்டத்துப் பிள்ள."

அதோடு பேச்சு முடிந்தது.

முதல் கூட்டத்திலேயே தகராறு. தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இருந்தது. தோட்டமே இல்லாமல் போன பிறகும் அந்தப் பிரிவு போகவில்லை. மேல் டிவிஷன் ஆட்கள் அதிகம், எல்லா இடத்தையும் அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள் என்றார்கள் கீழ் டிவிஷன்காரர்கள். எங்களைக் கேட்பதே இல்லை என்றார்கள் வேதக்காரர்கள். நாங்களும் சந்தா கட்டுகிறோம் என்றார்கள் வெளியிலிருந்து தாமானுக்கு வந்தவர்கள். நான் படித்ததை வைத்து, எந்தப் பிரிவில் எத்தனை குடும்பமோ அதற்குத் தக்கபடி செயற்குழுவில் இடம் என்று எழுதினேன். எல்லாரும் கை தட்டினார்கள். யாரும் விடுபடவில்லை. வைமாரில் அதை எழுதியவர்களுக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

அந்தச் செயற்குழு உட்கார்ந்து உருப்படியாக ஒன்றையும் முடிவு செய்யவில்லை. பழைய பந்தல் துணி கிழிந்து தொங்கியது, புதிது வாங்க வேண்டும். மஞ்சள் என்றது ஒரு பிரிவு. சாவு வீட்டுக்கு என்ன மஞ்சள், வெள்ளைதான் என்றது இன்னொன்று. வெள்ளை எங்கள் கல்யாணத்துக்கு, நீலம் போடுங்கள் என்றார்கள் வேதக்காரர்கள். நீலம் கட்சி நிறம் என்று ஒருவர் எழுந்து வெளியே போனார். கூட்டத்துக்கு மேல் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் தங்கா பத்துவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு போவேன். பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தின் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மஞ்சளா வெள்ளையா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். என் கணவர், "வாங்கிட்டீங்களா?" என்று கேட்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்.

அப்போது மழைக்காலத்தில் ஒரு சாவு. கிழிந்த பந்தல் வழியாகத் தண்ணீர் நேரே ஐஸ் பெட்டிமேல் கொட்டியது. தலைவர் யாரையும் கேட்கவில்லை. பக்கத்து ஊரான மஸ்ஜித் தானாவுக்கு லோரியை எடுத்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்குப் பந்தல் வாடகைக்கு விடும் ஒரு மலாய்க்காரரிடமிருந்து பெரிய பந்தலைக் கொண்டுவந்து, தானே ஏணியில் ஏறிக் கட்டினார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பந்தல் பச்சை நிறம். ஒருவரும் நிறத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. சாவு வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அங்கேதான் நின்றேன். எனக்கும் அவர்மேல் மரியாதையாகத்தான் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் கேட்டார். "டீச்சர், செத்தவன் உங்க கூட்டத்துக்குக் கோரம் சேர்ற வரைக்கும் காத்திருப்பானா? அவசரம்னா தலைவரே முடிவெடுக்கலாம்னு ஒரு வரி போடுங்க."

நியாயம்தானே? எழுதினேன். ஆனால் நான் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். அதனால் மூன்று நிபந்தனை சேர்த்தேன். எடுத்த முடிவைச் செயற்குழுவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். செயற்குழு வேண்டாமென்றால் ரத்தாகும். இந்த அதிகாரத்தை வைத்துப் பொதுக்கூட்டத்தையோ தேர்தலையோ தள்ளிப்போட முடியாது.

பொதுக்கூட்டத்தில் முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதைக் கேட்டதும் தலைவர் முகம் சுருங்கியது. "இது எதுக்கு டீச்சர்? நான் என்ன ஓடியா போயிடுவேன்?" எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அந்த வரி போய்விட்டது.

பிறகு, ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அங்கிள் எழுந்தார். வேதக்காரர், மென்மையாகப் பேசுபவர். "செயற்குழு இந்த மாதிரி சண்டையே போட்டுக்கிட்டு இருந்தா, தலைவர் அத கலைச்சிட்டுப் புது எலக்‌ஷன் வைக்கலாம்னு ஒன்னு போடலாமே, டீச்சர்ம்மா" என்றார். அதுவும் தனியாகப் பார்த்தால் நல்ல யோசனை.

எழுந்து நின்றேன். "கொஞ்சம் கேளுங்க. அவசர முடிவ செயற்குழு ரத்து செய்யலாம்னு இப்பத்தான் எழுதுனோம். செயற்குழுவையே தலைவர் கலைக்கலாம்னா, அப்புறம் ரத்து செய்ய யார் இருப்பா? ஜெர்மனியில இதேதான் நடந்துச்சு. நாடாளுமன்றம் ஓர் ஆணைய ரத்து செஞ்சிச்சு. ஜனாதிபதி நாடாளுமன்றத்தையே கலைச்சிட்டு, கிட்டத்தட்ட அதே ஆணைய மறுபடியும் போட்டாரு. ஒவ்வொரு பிரிவும் தனியா நல்ல பிரிவுதான். ரெண்டும் சேந்தாத்தான்..."

பின்வரிசையில், சாப்பாட்டுப் பாத்திரங்களுக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் சொன்னார்: "டீச்சர், மீகூன் ஆறுது."

ஜெர்மனியைப் பற்றி நான் பேசிய பேச்சு அதோடு சரி. கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். சட்டம் நிறைவேறியது. பதிவும் ஆகிவிட்டது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. புதுப் பந்தல் வந்தது. பச்சை. வண்டி பழுது பார்க்கப்பட்டது. எங்கே சாவு என்றாலும் தலைவர் முதலில் அங்கே நின்றார். இதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெர்மனியிலும் முதல் ஜனாதிபதி அதே நாற்பத்தெட்டை வைத்துத்தான் கலகக்காரர்களிடமிருந்து குடியரசைக் காப்பாற்றினார். இதை ஒரு மாணவரும் இடப்பக்கத்தில் எழுதுவதில்லை.

மெல்ல மெல்ல எல்லாமே அவசரமானது. வண்டிக்குச் சாயம் அடிப்பது அவசரம். நாற்காலிகளை அவருடைய நண்பர் மகள் கல்யாணத்துக்குக் கொடுப்பது அவசரம். ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டதும் அவசரம்தான்.

செயற்குழுவில் ஒரு நர்ஸ் இருந்தாள். கீழ் டிவிஷன் பெண், அலோர் காஜாவில் ஒரு கிளினிக்கில் வேலை. அவள்தான் கேட்டாள்: "கட்சிக் கூட்டத்துல யாரு செத்தா, அண்ணே?" வாட்சாப் குரூப்பில் எல்லாரும் பார்க்கும்படி கேட்டுவிட்டாள். அன்றைக்கே அவளைச் சங்கத்திலிருந்து இடைநீக்கம் செய்ததாகத் தலைவர் அறிவித்தார். காரணம், சங்கத்தின் பெயரைக் கெடுத்தது. எந்த விதிப்படி? அவசர விதிப்படி.

செயற்குழு அதிசயமாக ஒன்றுகூடி அதை ரத்து செய்தது. மஞ்சளும் வெள்ளையும் நீலமும் ஒரே பக்கம் கை தூக்கியதை அன்றுதான் பார்த்தேன். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். மறுநாள் தலைவர் செயற்குழுவைக் கலைத்தார். இடைநீக்கம் மறுபடியும் வந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டமும் தேர்தலும் எப்போது என்று கேட்டால், தீபாவளி வருது, அப்புறம் பார்ப்போம். தீபாவளி போனது, கிறிஸ்துமஸ் வருது என்றார். அதுவும் போனது, தைப்பூசம் என்றார். எங்கள் நாட்டில் பண்டிகைக்கா பஞ்சம்?

நான் தாமானில் ஆள் ஆளாகக் கேட்டேன். எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "வேல நடக்குதுல்ல டீச்சர், விடுங்க லா." என் அம்மாவே அப்படித்தான் சொன்னார். "அவன் இல்லன்னா பந்தல் யாரு கட்டுவா? நீயா ஏறுவே?"

அந்த மாதங்களில் கட்டுரை திருத்துவது எனக்குப் பெரிய தண்டனை. "மக்கள் ஏமாற்றப்பட்டனர்" என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். ஏமாற்றப்பட்டார்களா! ஓரத்தில் ஏதோ கோபமாக எழுதிவிட்டுப் பிறகு அழித்தேன்.

ஒரு நாள் காலையில், நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது நர்ஸிடமிருந்து போன். அவளுடைய மாமியார் இறந்துவிட்டார். அழவில்லை, குரல் தட்டையாக இருந்தது. "அக்கா, வண்டி வராதாம். ஐஸ் பெட்டியும் தர முடியாதுன்னுட்டாரு. நான் மெம்பர் இல்லையாம்."

தலைவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, செத்தது அவ மாமியாரு. தோட்டத்துல பால் மரம் வெட்டுன மனுஷி. உங்க கூட மர நிரையில நின்னவங்க."

"எனக்கு வருத்தம் இல்லையா டீச்சர்? ஆனா ரூல்னா ரூல். இன்னிக்கி இவளுக்கு விட்டா நாளைக்கி எல்லாரும் கேப்பான்."

"அந்த இடைநீக்கமே செல்லாது. செயற்குழு ரத்து செஞ்சிச்சு."

"எந்தச் செயற்குழு? அதான் இல்லையே." கேலியே இல்லாமல், உண்மையாகவே புரியாதவர்போலச் சொன்னார்: "சட்டம் நீங்க எழுதுனதுதானே, டீச்சர்?"

போனை வைத்துவிட்டேன். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மலாக்காவில் சீனர் ஒருவர் நடத்தும் ஈமச்சடங்குக் கடைக்குப் போய் வண்டிக்கும் ஐஸ் பெட்டிக்கும் சொன்னேன். அவை வந்து சேர மதியம் ஆகிவிட்டது. அதுவரை வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே, ஊதுவத்தி புகையில், அந்த அம்மாள் பாயில் கிடந்தார். பக்கத்து வீடுகளிலிருந்து எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்தின் பந்தல் நாலு வீடு தள்ளிக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எடுக்கிற நேரத்துக்குத் தலைவர் வந்தார். பெரிய மாலை ஒன்றோடு, சுத்தமான வெள்ளைச் சட்டையில். ஒருவர் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். நர்ஸின் கணவர் கும்பிட்டார். இன்னொருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட நாற்காலி போட்டவர்மேல் வந்த கோபம் அதிகம்.

ஆனால் அந்தச் சாவு ஏதோ செய்திருக்கிறது. காரியம் முடிந்த பிறகு நர்ஸ் என்னிடம் வந்தாள். "அக்கா, மெம்பருங்க மூனுல ஒரு பங்கு கையெழுத்துப் போட்டா சிறப்புக் கூட்டம் கேக்கலாம்னு நீங்க எழுதியிருக்கீங்களே?" எழுதியது எனக்கே மறந்துபோயிருந்தது. இருவரும் வீடு வீடாகப் போனோம். சிலர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசினார்கள். சிலர் அவள் கண்ணைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார்கள். அட்டெண்டர் அங்கிள் முதலில் தயங்கினார். பிறகு, "கலைக்கிற ரூல நான்தான் கேட்டேன் டீச்சர்ம்மா, அவரு இப்பிடிச் செய்வாருன்னு நெனக்கல" என்று சொல்லிப் போட்டார்.

கூட்டம் நடந்தது. பாலாய் ராயா நிறைந்திருந்தது. தலைவரை நீக்க வாக்கெடுப்பு என்றதும் அவரே எழுந்தார். "யாரும் ஓட்டுப் போட வேணாம். நான் வேணாம்னா போறேன். எத்தன சாவுக்கு வந்திருக்கேன், நெனச்சிப் பாருங்க." குரல் உடைந்தது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அட்டெண்டர் அங்கிளைத் தலைவராக்கினார்கள். நர்ஸின் இடைநீக்கம் நீங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

இதுதான் நேரம் என்று நான் எழுந்தேன். அவசர அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும், செயற்குழுவைக் கலைக்கும் அதிகாரத்தை எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு திருத்தங்களை முன்வைத்தேன்.

"இப்பத்தான் நல்ல ஆளு வந்துட்டாரே டீச்சர்" என்றார் ஒருவர். "எதுக்கு மாத்தணும்?"

"ஆளுக்காகச் சட்டம் எழுதக்கூடாதுங்க. நாளைக்கி வேற ஆளு வருவாரு."

"வந்தா அப்பப் பாத்துக்கலாம் லா."

நர்ஸைப் பார்த்தேன். அவளாவது பேசுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள்: "அக்கா, எனக்கும் அவசரம்னா என்னன்னு தெரியும். தெனமும் பாக்கறேன். கேட்டுக்கிட்டு இருந்தா ஆளு போயிரும். அந்த அதிகாரம் இருக்கட்டும்."

திருத்தங்கள் தோற்றன. அவள் கையும் எனக்கு எதிராகத்தான் போனது. உட்காரப் போன நான், வயிற்றெரிச்சலில், பழைய மூன்றாவது நிபந்தனையை மட்டுமாவது சேருங்கள் என்றேன்: எந்த அவசரத்திலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையும் தேர்தலையும் தள்ளிப்போடக் கூடாது. அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு ஆச்சரியம். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "போன வருஷம் கூட்டம் இல்லாததால ஆட்டுக்கறிச் சாப்பாடு இல்லாமப் போச்சு லா, டீச்சர்" என்றார்.

ஜெர்மானியர்களின் சட்டத்தில் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் இருந்தன. பெண்களுக்கு ஓட்டு, தொழிலாளிக்குச் சங்கம், பிள்ளைகளுக்குப் பள்ளி என்று அழகான பிரிவுகள். ஆட்சியைப் பிடித்தவர்கள் கடைசிவரை அந்தச் சட்டத்தை முறைப்படி ரத்துகூடச் செய்யவில்லை. அப்படியே அலமாரியில் கிடந்தது. அதற்காக எழுந்து நிற்பவர்கள் இல்லாதபோது ரத்து செய்ய என்ன அவசியம்? பலம், பலவீனம் என்று கோடு போட்டு எழுதும் என் மாணவர்களுக்கு இதை எந்தப் பக்கத்தில் எழுதச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் ஒரு தகவல் வந்தது. புதுத் தலைவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, மழை வேறு, கூட்டத்தை இரண்டு மாதம் தள்ளி வைக்கலாமா என்று பேச ஒரு சின்னக் கூட்டம். போனேன். எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனிதர், பாவம், கண் வேறு. நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் ஒரு பெரிய தொண்டை எழுந்தது. பழைய தலைவர். கையில் சங்கத்தின் சட்டப் புத்தகம். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "எந்த அவசரத்திலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையும் தேர்தலையும் தள்ளிப்போடக் கூடாது. இது ரூலு. ரூல்னா ரூல். தலைவருக்கு முடியலையா, துணைத் தலைவர வச்சி நடத்துங்க."

அவர் மறுபடி தலைவராவதற்குத்தான் இதெல்லாம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவர் சொன்னது சரி என்பதும் தெரியும்.

அட்டெண்டர் அங்கிள் கறுப்புக் கண்ணாடி வழியாகச் சுற்றிலும் பார்த்தார். "வழிமொழிய யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

யாரும் அசையவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினேன்.